ஓட்டுகிறவனின் பெயர்

தம்பி,

நேற்று நீ பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, இன்னும் கோவமா?" என்று கேட்டாய். நான் "போய்க் குளி, தண்ணி நின்னுடும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நேற்று நம் உலு திராமில் தண்ணீர் நிற்கும் நாளே இல்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். சண்டை போடுவதென்றால் எனக்கு வாய் நீளம். மன்னிப்புக் கேட்பதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்க அப்பாவைக் கேள், இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாற்றலாகிப் பினாங்கு போய்ச் சேர்ந்து, அறையைக் கூட்டி, குளித்துவிட்டு உட்கார்ந்து படி. படித்துவிட்டு ஃபோன் போட்டு இதைப் பற்றிப் பேசாதே, நான் வேறு பேச்சை எடுத்துவிடுவேன்.

கோபம் இல்லை. நிம்மதியாக இருக்கிறேன். நான்கு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. ஆனால் அது எப்படி ஏறியது, ஏற்றியது யார் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு முழுசாக இறங்கும்.

நீ தெப்ராவில் அந்தப் பார்சல் கம்பெனியில் சேர்ந்தபோது தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன். நம் ஆறு வேன்களும் அதே கம்பெனியின் கிடங்கிலிருந்துதான் குத்தகைக்குப் பார்சல் ஏற்றி வீடுகளில் சேர்க்கின்றன. மகன் உள்ளே இருந்தால் நமக்கு ஒரு பக்கபலம் என்று மனக்கோட்டை கட்டினேன். நீயோ சேர்ந்த வாரமே, இந்தக் குத்தகை என் அம்மாவுடையது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்து, நம் ஃபைலை வேறொருவர் மேசைக்கு அனுப்பிவிட்டாய். அன்றைக்கே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல பிள்ளையப் பெத்தேன், வீட்டுக்கு மட்டும் ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்று உங்க அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்புறம் புதிய சட்டம் வந்தது. பார்சல் ஓட்டுகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் எல்லாருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டும், ரோட்டில் விழுந்தால் கேட்க நாதி வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நல்லதுதான் என்று நானும் தலையாட்டினேன். மறுமாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குத்தகையாளர்கள் தங்கள் வேன்களை ஓட்டும் ஒவ்வொருவரின் பெயரையும், அடையாள அட்டை எண்ணையும், சந்தா ரசீதையும் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்களின் குத்தகை புதுப்பிக்கப்படாது என்று எழுதியிருந்தது. கீழே உன் பெயர், உன் கையெழுத்து. உங்க அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கான்" என்றார். எனக்கு அந்த மனிதரையும் சேர்த்து வெளியே தள்ளலாம் போல இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், என் கோபத்தில் பாதி நியாயமானது, அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பார்சலுக்குக் கம்பெனி கொடுப்பது பல வருடமாக ஒரு காசுகூட ஏறவில்லை. சட்டத்தின் பாரம் மட்டும் மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசிப் படியில் நிற்கிற என்னைப் போன்றவர்கள் தலையில் உட்கார்ந்தது. பெரிய கம்பெனிக்கு அது ஒரு கடிதம் எழுதுகிற வேலை. எனக்கோ அது ஒரு வேனை விற்கலாமா என்று யோசிக்கிற வேலை. பினாங்கில் உனக்கு இன்னும் பெரிய மேசை கொடுப்பார்கள். இன்னும் நிறையக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவாய். போடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒரு நாளாவது ஏதாவது ஒரு வேனில் ஏறி உட்கார்ந்து, வெயிலில் வீடு வீடாக இறங்கி ஏறிப் பார். அதற்கப்புறம் உன் மேலதிகாரியிடம் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசு.

மற்றப் பாதிக் கோபம் என் தவறை மூடிவைக்க. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து, நான் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்தாய். ஆறு பெயர் இருந்தது.

"அம்மா, ஆறு வேனு, ஆறு பேரு, சரி. ஆனா ஓட்டறது எத்தன பேரு?"

"ஆறு பேருதான்."

"வியாழக்கிழமை குமரேசன் மாமா வேன்ல ரவி மாமாவப் பாத்தேனே?"

"அவரு மச்சான்லா. குமரேசனுக்கு முதுகு வலின்னா இவன் வருவான். எப்பவாச்சும் வர்றவனுக்கு எதுக்குப் பேரு?"

"வர்ற அன்னிக்கி விழுந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"வாய மூடு. நல்ல நாளும் அதுவுமா."

நான் மீன் குழம்பு ஊற்றினேன். உண்மையில் அன்றைக்கு நம் வேன்களை ஓட்டியது ஒன்பது பேர். குமரேசனுக்கு முடியாதபோது மச்சான் ரவி, இன்னொருவருக்கு அண்ணன் மகன், மற்றொருவருக்கு மருமகன். கம்பெனியின் செயலி திறப்பது டிரைவரின் ஃபோனில், டிரைவரின் பெயரில். வர முடியாதவர் ஃபோனையும் சாவியையும் சேர்த்து மச்சானிடம் கொடுத்தனுப்பிவிடுவார். யார் ஓட்டினாரோ அவர் கையில் அன்றைய கூலியை நான் கொடுத்துவிடுவேன். எனக்கு அதில் கூச்சமே இல்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஆறு வேனையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒன்பது பேருக்கும் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தவள்தான் நான். சட்டைக்கு ஒன்பது பேரைத் தெரிந்தது, பட்டியலுக்கு ஆறு பேரைத்தான் தெரிந்தது.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். குளுவாங் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தி போய் நிற்பார், அம்மா பெயருக்கு "இருக்கேன்" என்பார், அம்மாவின் நிரை மரங்களில் பால் வெட்டிவிட்டு வருவார். கிராணிக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். ஒருவர் பெயரில் இன்னொருவர் உழைப்பதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. அதுதான் ஒட்டும் உறவும். இந்தக் கதையை நான் உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

பட்டியலைக் கொடுத்து இரண்டு மாதம் ஆகவில்லை. மத்தியானம் நல்ல மழை. குமரேசனுக்கு மறுபடி முதுகு, ரவி வேன் எடுத்திருந்தான். சந்தியில் ஒரு லோரி வழுக்கிக்கொண்டு வந்து பக்கவாட்டில் மோதியது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நான் மருத்துவமனைக்குப் போனபோது ரவியின் மனைவி சுமதி, பள்ளிக்கூடக் கேண்டீன் ஏப்ரனை அவிழ்க்காமல் அப்படியே வந்து நின்றாள். "அக்கா, எத்தன மாசம் வேலைக்குப் போவ முடியாதுன்னு டாக்டர் சொல்லமாட்டேங்கறாரு" என்றாள். இரண்டு சின்னப் பிள்ளைகள், வாடகை வீடு. பட்டியலில் ரவி இல்லை. பட்டியலில் இல்லாதவனுக்கு ஒரு காசு வராது என்று நான் முடிவே செய்துவிட்டேன். பொய்ப் பட்டியல் கொடுத்தது தெரிந்தால் குத்தகையும் போய்விடும், ஆறு வேனும் நின்றுவிடும், ஒன்பது வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

அப்போதுதான் கார் நிறுத்துமிடத்தில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். நான் பேசியதை உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனால் எழுத்தில் ஒரு தடவை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

"லிஸ்ட்ல ஏழாவதா ஒரு பேரு ஏத்திடு. போன மாசத் தேதி போட்டு. ஒனக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"முடியாதும்மா."

"பெத்தவ கேக்கறேன்."

"அதனாலதாம்மா முடியாது. நாளைக்குக் காலையில சமூகப் பாதுகாப்பு ஆபீஸ் கௌண்டருக்குப் போங்க. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. நான் லீவு போட்டுட்டுக் கூட வரேன்."

"நீ வரவே வேணாம். எனக்குப் பிள்ளையே இல்லன்னு நெனச்சிக்கறேன்."

சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. உன் பெரியம்மாவிடமும், வரிசை வீட்டு ஜோசப் அண்ணன் சம்சாரத்திடமும், படித்த பிள்ளைகள் பெற்றவர்களைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தத்தான் படிக்கிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். அந்த அண்ணி மாதா கோயில் போகும்போதெல்லாம் உனக்காக வேண்டிக்கொண்டாராம், நீ திருந்த வேண்டுமென்று. இப்போது நான் போய் அதைத் திருத்திச் சொல்லிவிட்டேன். அப்படியானால் வேண்டுதலை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுகிறேன் என்றார் சிரித்துக்கொண்டே.

உன்னிடம் கத்திவிட்டு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கதையின் மறுபாதி வந்து நின்றது. ஒரு தடவை அம்மா நிரையில் வெட்டப் போன சித்தி வழுக்கி விழுந்தார். பால்கத்தி பாதத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினார்கள். ஆனால் கிராணி புத்தகத்தில் அன்றைக்கு வேலைக்கு வந்தது என் அம்மா. அடிபட்டது அம்மாவாக இருந்தால் கால் ஆறும்வரை அரைச் சம்பளமாவது கிடைத்திருக்கும். சித்தி அன்றைக்கு வேலைக்கே வராத ஆள். புண் ஆறாத காலோடு ஒரு வாரத்தில் மறுபடி மரத்தடிக்குப் போனார். கடைசிவரை அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடந்தார். நாங்கள் பிள்ளைகள் அந்த நடையை நடித்துக் காட்டிச் சிரிப்போம். இவ்வளவும் தெரிந்த நான்தான், ரவிக்கு எதுக்குப் பேரு என்று கேட்டேன். அந்தப் பெஞ்சில் எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

மறுநாள் காலையில் உங்க அப்பாதான் காரை எடுத்தார். வழியில் வானொலியைக்கூடப் போடவில்லை. கௌண்டரில் உன் வயதுதான் இருக்கும் ஒரு மலாய்ப் பெண். வேனை ஓட்டியது யார் என்று கேட்டார். ரவி என்றேன். பதிவில் அந்தப் பெயர் இல்லையே, புவான் என்று மரியாதையாகச் சொன்னார். இல்லை, நான்தான் போடவில்லை என்றேன். எத்தனை மாதமாக வருகிறார், யார் கூலி கொடுப்பது, எதில் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டே விட்டேன், அப்படியென்றால் அவனுக்கு ஒன்றும் கிடைக்காதா என்று.

அந்தப் பெண் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேலை கொடுத்தது நீங்கள், கூலி கொடுத்தது நீங்கள், அப்போது அவர் உங்கள் தொழிலாளி, நீங்கள் பெயர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் என்றார். முதலாளி பதிவு செய்யாதது முதலாளியின் குற்றம், அதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடாது, அவர் மனுக் கொடுக்கலாம், நாங்கள் விசாரிப்போம் என்றார். நிலுவைச் சந்தாவும் அபராதமும் உங்கள் பாடு என்று அதே குரலில் சேர்த்துச் சொன்னார். அபராதம் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்க அப்பா பின்னாலிருந்து கைக்குட்டையை நீட்டினார். அது அழுக்குக் கைக்குட்டை, ஆனாலும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

இந்த ஒரு விஷயம் எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் உன்னிடம் அப்படிக் கேட்டே இருக்க மாட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் ரவிக்காக மட்டும் கேட்கவில்லை, என் குத்தகைக்காகவும் கேட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நம் ஃபைலைப் பார்க்கும் கம்பெனி அதிகாரி அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார். மடிக்கணினியைத் திறந்து, எந்தப் பெயர் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் கையால் பட்டியலில் ஏறியது என்று வரிவரியாகக் காட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். ஆறு வரி. விபத்துக்கு அப்புறம் ஒரு வரியிலும் யாரும் கை வைத்திருக்கவில்லை. "தப்பு பண்ணியிருக்கீங்க ஆன்ட்டி. ஆனா நீங்களே போய்ச் சொல்லியிருக்கீங்க, எதையும் மறைக்கல" என்றார். ஒன்பது பேரின் பெயரையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார், ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், குத்தகையை விட்டுவைத்தார். அவர் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். அன்றைக்கு நீ எனக்குச் சரி என்று சொல்லியிருந்தால் அந்தத் திரையில் ஏழாவது வரியில் உன் பெயர் இருந்திருக்கும். உன் வேலை, என் குத்தகை, ரவியின் மனு எல்லாம் ஒரே நாளில் போயிருக்கும். உன்னைக் குழியில் தள்ளப் போனது நான். விழாமல் நின்றது நீ. என் பேச்சைக் கேட்காத பிள்ளை என்று உன்னை இனி யாராவது சொன்னால், ஆமாம், தெய்வாதீனமாகக் கேட்கவில்லை என்று சொல்லப் போகிறேன்.

இப்போது ஒன்பது பேருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, சந்தா போகிறது. கட்டுப்படியாகாமல் ஒரு வேனை விற்றுவிட்டேன், அது உனக்குத் தெரியும். அவரவர் முறை வைத்து ஐந்து வேனை ஒன்பது பேரும் ஓட்டுகிறார்கள். போன செவ்வாய் ஒருவருக்குக் காய்ச்சல், பதிவில் இல்லாத தம்பியை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று வேனை அப்படியே நிறுத்திவிட்டேன். பார்சல் வராதவர்கள் நாள் முழுக்க ஃபோன் போட்டுத் திட்டினார்கள். எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் நன்றாகச் சாப்பிட்டேன்.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. புதன்கிழமை சுமதி வீட்டுக்கு வந்தாள். ரவியின் மனு ஏற்கப்பட்டு, வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் உதவித்தொகை வர ஆரம்பித்துவிட்டது, காலுக்குப் பயிற்சியும் அவர்களே பார்க்கிறார்கள், இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறான் என்றாள். சொல்லிக்கொண்டே என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்கா நின்னிருப்போம். நீங்கதான் துணிஞ்சி போய் உண்மையச் சொன்னீங்க."

நான் அப்படியே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் கண்ணீர் என் கையில் பட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"நான் இல்லமா. நான் பொய்த்தேதி போடச் சொன்னேன். என் மகன்தான் முடியாதுன்னுட்டான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையை விடவில்லை. "தம்பி ஊருக்குப் போகுதுன்னு சொன்னாங்க. சொல்லுங்கக்கா அதுகிட்ட" என்றாள்.

தம்பி, இத்தனை வருடத் தொழிலில் வேறு வீட்டுக்கு வந்த பார்சலை நான் ஒரு நாள்கூட வைத்துக்கொண்டதில்லை. சுமதியின் நன்றி தவறுதலாக என் கைக்கு வந்துவிட்டது. அது உனக்குரியது. சேர்த்துவிட்டேன்.

அம்மா